கார்டு நம்பர் 2316

எங்கள் ஊர் டாக்டர்கள் சங்கம் நினைவு மலர் போடுகிறது. "இறந்துபோன டாக்டர்கள் ஒன்பது பேர், ஆளுக்கு ஒரு பக்கம். நீங்கதான் எழுதணும் சிஸ்டர்" என்று சங்கச் செயலாளர் வந்து நின்றார். அவர் கண் டாக்டர். வெளியூரில் படித்து முடித்து அவர் திரும்பி வருவதற்குள் ஒன்பது பேரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். நான் முப்பத்து நான்கு வருடம் ஒரே கிளினிக்கில் நர்ஸாகக் குப்பை கொட்டியவள். எந்த டாக்டருக்கு எப்போது மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பதுவரை எனக்குத் தெரியும்.

எட்டுப் பக்கத்தை மளமளவென்று எழுதிவிட்டேன். பிரசவ டாக்டரம்மாவுக்கு வாய் ஒரு நிமிஷம் சும்மா இருக்காது. அவர் திட்டத் திட்டத்தான் இங்கே பாதிப் பேர் பிறந்தார்கள். அதையும் எழுதினேன். "இதெல்லாம் போடணுமா சிஸ்டர்?" என்று கண் டாக்டர் இழுத்தார்.

"உங்க அம்மாவயும் திட்டித்தான் உங்கள வெளிய எடுத்தாங்க. பேசாம போடுங்க."

ஒன்பதாவது பக்கம் எங்கள் கிளினிக் டாக்டருக்கு. நான் 'சார்' என்றுதான் கூப்பிடுவேன். படித்த வருடம், வேலைக்குச் சேர்ந்த வருடம் எல்லாம் சரியாக வேண்டுமென்று அவர் மகளிடம் கேட்டேன். பாங்க் மேனேஜர், நாற்பத்தாறு வயது. கவுன் போட்ட காலத்திலிருந்து பார்ப்பதால் எனக்கு இன்னமும் பாப்பாதான். ஒரு பை நிறையக் காகிதம் கொண்டுவந்தாள். அதில் ஒரு நோட்டும் இருந்தது.

"தேதி மட்டும் பாத்துட்டுக் குடுத்துடுங்கக்கா. அப்பா பண்ண தப்பையெல்லாம் எழுதி வெச்சிருக்காரு. கிழிச்சுப் போட்டுடலாம்னு இருக்கேன்."

அவள் போனதும் பிரித்தேன். பதினோரு பக்கம், பக்கத்துக்கு ஒரு தவறு. யார் பெயரும் இல்லை. நோயாளியின் கார்டு நம்பர் மட்டும். கார்டு எல்லாம் என் கையால் எழுதியவை. நான்காவது பக்கத்தில் 2316 என்று இருந்தது. அது என் கணவருடைய கார்டு.

நெஞ்சு எரிகிறது என்று ஒரு மத்தியானம் கிளினிக்குக்கு வந்தார். சார் வயிற்றுக்கு மாத்திரை கொடுத்து அனுப்பினார். மறுநாள் காலை பல் விளக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே விழுந்தார். மாரடைப்பு. தலையெழுத்து என்று நினைத்து நான் மனசைத் தேற்றிக்கொண்டேன்.

சார் எழுதியிருந்தார்: "வயிறு என்று நினைத்துவிட்டேன். வெளியே பதினாறு பேர் காத்திருந்தார்கள். ஈ.சி.ஜி. மெஷின் பக்கத்து அறையிலேயே இருந்தது. எடுக்கவில்லை. அவர் மனைவியிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை."

அதற்குப் பிறகு பத்தொன்பது வருடம் அந்த மனுஷனிடம் வேலை பார்த்திருக்கிறேன்! என் மூத்தவள் கல்யாணத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். மலருக்காக மேஜைமேல் வைத்திருந்த அவர் போட்டோவைப் பார்த்து, "அடப்பாவி மனுஷா, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கத்தினேன். அப்புறம் அழுதேன். நான்கு நாள் பேனாவைத் தொடவில்லை. படிப்பையும் பட்டத்தையும் நாலு வரி எழுதிக் கடாசிவிடலாம் என்றுகூட நினைத்தேன்.

ஐந்தாம் நாள்தான் எனக்கு உறைத்தது. கணவர் காரியமெல்லாம் முடிந்து நான் வேலைக்குத் திரும்பியபோது, ஈ.சி.ஜி. மெஷின் சாருடைய மேஜைக்குப் பக்கத்தில் வந்திருந்தது. அன்றிலிருந்து நெஞ்சு எரிகிறது என்று யார் வந்தாலும் முதலில் அதுதான். ஜெல் தடவி, கிளிப் மாட்டி, துடைத்து விடுவது என் வேலை. "அஜீரணத்துக்கெல்லாம் இது எதுக்கு சார்? வேற வேலை இல்லையா?" என்று தினமும் முணுமுணுப்பேன். "எடும்மா" என்பார், தலை நிமிராமல். அப்படி எடுத்ததில் பிடிபட்டு ஆம்புலன்ஸில் போனவர்கள், எனக்கு ஞாபகம் இருப்பவர்கள் மட்டும், எட்டுப் பேர். எதிர்க்கடை டெய்லர் அதில் ஒருவர். இன்னமும் தைத்துக்கொண்டிருக்கிறார்.

உட்கார்ந்து எழுதினேன். பதினோரு தவறுகளை அவரே எழுதி வைத்திருந்ததையும், ஒவ்வொன்றுக்கும் பிறகு கிளினிக்கில் என்ன மாறியது என்பதையும் எழுதினேன். நம்பர்களை மட்டும் விட்டுவிட்டேன்.

பாப்பாவுக்கு ஒரு பிரதி அனுப்பினேன். படித்துவிட்டு நேரே வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"உங்களுக்கென்ன பைத்தியமாக்கா? இதப் படிச்சா எல்லாரும் அப்பாவக் காறித் துப்புவாங்க. செத்தவங்க வீட்டு ஆளுங்க வந்து என் சட்டையப் பிடிக்க மாட்டாங்களா?"

"நாலாவது பக்கத்துல இருக்கறவரோட பொண்டாட்டி பிடிக்க மாட்டா."

"உங்களுக்கெப்படித் தெரியும்?"

"2316 என் வீட்டுக்காரர் கார்டு."

அவள் மேஜைமேல் இருந்த நோட்டை இழுத்து நான்காவது பக்கத்தைப் பிரித்தாள். படித்து முடித்துவிட்டுக் கேட்டாள்: "அப்பாவ மன்னிச்சிட்டீங்களாக்கா?"

"இல்ல. என்கிட்ட சொல்லியிருக்கணும். இப்ப எதிர்ல வந்தாலும் நாக்கப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுட்டுத்தான் விடுவேன்."

"அப்ப எதுக்கு இத எழுதறீங்க? கிழிச்சுப் போட்டுடலாமே."

"கிழிச்சா என் வீட்டுக்காரர் சும்மா செத்தவராப் போயிடுவாரு பாப்பா."

அவள் நோட்டை என் பக்கம் தள்ளி வைத்தாள்.