வரிசை தப்பிய வழக்கு

ஒட்டடை என்கிறவருக்கு ஐம்பதுக்கு முப்பத்தெட்டு வந்தது. முப்பதைத் தாண்டினால் சிறைக்குப் பரிந்துரைக்க வேண்டும் என்பது எங்கள் அலுவலகத்தின் புது உத்தரவு.

தண்டனை சொல்வதற்கு முன்னால், இந்த ஆள் மறுபடி குற்றம் செய்வானா என்று நீதிபதி எங்களைக் கேட்பார். நன்னடத்தை அலுவலரான நான் ஒரு படிவத்தை நிரப்பி, கூட்டிப் பார்த்து, பதில் சொல்ல வேண்டும். எந்த வயதில் படிப்பை விட்டான், குடிக்கிறானா, யாரோடு சேருகிறான், ஏற்கெனவே எத்தனை வழக்கு. கடைசிக் கேள்விக்குத்தான் எடை அதிகம், வழக்கு ஒன்றுக்கு ஏழு. ஒட்டடைக்கு மூன்று இருந்தன.

அவர் கிடங்கில் சரக்கு இறக்குகிறவர். வயது நாற்பத்தொன்று. நின்ற இடத்திலிருந்தே கூரை ஒட்டடையை அடித்துவிடும் உயரம் என்பதால் அந்தப் பெயர். லாரியில் வந்த பெட்டிகளில் ஒன்றில் துளைபோடும் மெஷின் இல்லை என்று முதலாளி புகார் கொடுத்தார். ஒட்டடை தானாகவே ஸ்டேஷனுக்குப் போய், நான்தான் எடுத்தேன் என்றார். முந்தைய மூன்று தடவையும் அப்படியே. பொருள் எங்கே என்று கேட்டால் நான்கு தடவையும் ஒரே பதில்: வித்துட்டேன்.

பயிற்சியில் எங்களுக்குப் பல கோட்பாடுகளைப் பாடமாக எடுத்தார்கள். குற்றம் ரத்தத்திலேயே இருக்கிறது என்று அந்தக் காலத்தில் ஒருவர் மண்டையோடுகளை அளந்தாராம். வறுமைதான் காரணம் என்றார் ஒருவர், சேர்க்கை என்றார் இன்னொருவர். திருடன் திருடன் என்று ஊர் சொல்லிச் சொல்லியே ஒருவன் திருடனாகிறான் என்றது இன்னொரு கட்சி. எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு அரைத்துத்தான் அந்தப் படிவத்தைத் தயாரித்திருந்தார்கள். ஆனால் முறைக்குப் போவது என்ற ஒன்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. அதை நான் வீட்டில் கற்றுக்கொண்டேன்.

என் அப்பாவும் சுமை தூக்கியவர்தான். சில சமயம் இரண்டு நாள் வெளியூர் வேலை என்று போவார். திரும்பி வரும்போது தலையில் சிமென்ட் தூசி இருக்காது, தோளில் புதுச் சிராய்ப்பு இருக்காது. என்ன வேலை என்று கேட்டால் அம்மா என்னை அடுப்படிக்கு விரட்டுவாள். கிடங்கில் பொருள் காணாமல் போனால், எடுத்தது டிரைவரா குமாஸ்தாவா என்று யாரும் தேடுவதில்லை. போலீசுக்கு ஒரு ஆள் வேண்டும். ஆள் கிடைக்காவிட்டால் கோஷ்டி முழுவதையும் நிறுத்திவிடுவார்கள், அத்தனை பேருக்கும் வேலை போகும். அதனால் சுமை தூக்குகிறவர்கள் முறை வைத்து, ஒருவர் மாற்றி ஒருவர் போய் ஒப்புக்கொள்வார்கள். அபராதம் எல்லோருக்கும் பொது. மூன்றாம் நாள் ஆள் மறுபடி மூட்டைக்குக் கீழே இருப்பார்.

ஒட்டடை ஜாமீனில் வந்து அக்கா வீட்டில் தங்கியிருந்தார். விசாரணைக்குப் போனேன். ஒரே அறை. கான்கிரீட் சுவரில் புதிதாக ஒரு பலகை, நான்கு திருகாணியில் வரிசை பிசகாமல் நின்றது. தம்பி போட்டுக்கொடுத்தான், பதினைந்து வருஷமாகக் கேட்ட பலகை என்று அந்த அக்கா பெருமைப்பட்டாள். படிவத்தில் பலகைக்குக் கட்டம் இல்லை, நானும் குறித்துக்கொள்ளவில்லை.

வாசலுக்கு வந்து ஒட்டடையிடம் நேராகவே கேட்டேன், அந்த மூன்றும் முறைக்குப் போனதுதானே என்று.

"கோர்ட்ல சொன்னது சொன்னதுதான் மேடம்."

"உள்ள போனா ரெண்டு வருஷம்."

"மத்த அஞ்சு பேரும் குடும்பக்காரங்க."

"உங்களுக்கு யாரும் இல்லையா?"

"அக்கா இருக்கு. திட்டறதுக்கு ஆள் இல்லாம ரெண்டு வருஷம் அதுக்கும் ஓய்வுதானே?"

உள்ளேயிருந்து, காது கேட்குதுடா என்று குரல் வந்தது.

அடுத்து கோஷ்டியின் மேஸ்திரியைப் பார்த்தேன். அப்பாவின் தொழிலைச் சொன்னதும் உட்கார ஒரு பெட்டியை நகர்த்திப் போட்டார். பழைய மூன்று வழக்கின் உண்மை தெரிந்த ஒருவரை அனுப்புங்கள், ஒட்டடையைக் காப்பாற்றலாம் என்றேன். அனுப்புகிறேன் என்று தலையாட்டினார்.

மறுநாள் காலை புதுசு வந்தார். கோஷ்டியில் ஆறாவது ஆள். முன்பிருந்தவர் இடுப்பு விட்டுப்போய் நின்றதும் அவர் இடத்துக்குச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது, இன்னும் புதுசுதான். நாற்காலியில் உட்காராமல் கைகட்டி நின்றார்.

"அந்த மூணையும் எடுத்தது நான்தான் மேடம். எழுதிக்கோங்க."

"முதல் கேஸ் பதினோரு வருஷத்துக்கு முன்னாடி. உங்க வயசு என்ன?"

"இருபத்தஞ்சு." கொஞ்சம் யோசித்தார். "அப்ப ஒம்பதாவது படிச்சிட்டிருந்தேன்."

"அப்புறம்?"

"பரவாயில்ல மேடம், எழுதுங்க. இப்ப என் முறை. போன தடவையே, மெஷின் காணாமப் போனப்பவே, என் முறைதான். குழந்தை பொறந்து மூணு நாள்தான் ஆகியிருந்துச்சு. ஒட்டடை அண்ணன் அவராவே, நீ இருடா நான் போறேன்னு போயிட்டாரு."

உண்மை தெரிந்த ஆளை அனுப்பச் சொன்னேன். மேஸ்திரி முறைப்படி ஆளை அனுப்பியிருக்கிறார். எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு நின்றுவிட்டது. முறை என்று ஒன்று இருந்தால் அது எங்கேயாவது எழுத்தில் இருக்கும். கோஷ்டியிடம் இல்லாவிட்டாலும் போலீசிடம் இருக்கும்.

அந்தக் கிடங்கின் வழக்குகளை எல்லாம் நீதிமன்றப் பதிவறையில் எடுக்கச் சொன்னேன். பதினோரு வருஷத்தில் பதினெட்டு. ஒப்புக்கொண்டவர்களின் பெயரை ஒரு தாளில் வரிசையாக எழுதினேன். முதல் ஆறு வழக்கில் ஆறு பேர். அடுத்த ஆறில் அதே ஆறு பேர், அதே வரிசையில். மூன்று, ஒன்பது, பதினைந்து ஆகியவை ஒட்டடை. வரிசையில் நின்று திருடுகிற திருடர்கள் உலகத்தில் எங்கும் கிடையாது. ஒருவரையும் காட்டிக்கொடுக்காமல் மூன்றையும் தள்ளுவதற்கு அந்தத் தாளே போதும்.

பதினெட்டில், இப்போதைய மெஷின் வழக்கில், பேனா நின்றது. அது ஆறாவது ஆளின் முறை. போனவர் ஒட்டடை. புதுசு சொன்ன காரணம் நல்ல காரணம்தான். ஆனால் எனக்கு அந்தப் பலகை ஞாபகம் வந்தது. கான்கிரீட் சுவரில் நான்கு ஓட்டைகள், விளிம்பு கூட உதிரவில்லை. சுத்தியலும் ஆணியும் வைத்து அப்படிப் போட முடியாது.

மறுபடி போனேன். அக்கா தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். நான் பலகையைப் பார்த்தேன். ஒட்டடை என்னைப் பார்த்தார். கட்டிலுக்கு அடியில் கையை விட்டு, துணியில் சுற்றிய மெஷினை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"ஏன்?" என்றேன்.

"மூணு தடவ எடுக்காத சாமானுக்குப் போனேன். கிடங்குல எல்லாரும் திருடன்னு தமாஷுக்குக் கூப்பிடுவாங்க, நானும் சிரிப்பேன். அன்னிக்குப் பெட்டி வாய் பொளந்து கிடந்துச்சு. எடுத்தா என்னதான் ஆயிடும்னு எடுத்தேன்."

ஊர் சொல்லிச் சொல்லி என்ற கட்சி ஜெயித்துவிட்டது என்று எழுதலாம். பலகை வேண்டியிருந்தது, மெஷின் வாங்கக் காசில்லை என்றும் எழுதலாம். இரண்டுமே உண்மை.

"அந்தத் தாளைக் கோர்ட்ல குடுக்காதீங்க மேடம். நான் உள்ளயே போறேன்."

"இதைக் குடுத்தா நீங்க முதல் தடவை தப்பு பண்ணவர். வெளிய இருக்கலாம்."

"உள்ள போனா கோஷ்டிக்காகப் போனவன். வெளிய இருந்தா கோஷ்டியை ஏமாத்துனவன். முறையை வச்சு என் திருட்டை மறைச்சிருக்கேன். அந்தப் பையன் என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதான் மேடம்."

பதினெட்டை விட்டுவிட்டு மற்றதை மட்டும் கொடுக்க முடியுமா என்று ஒரு நாள் முழுவதும் யோசித்தேன். முடியாது. வரிசை சரியாகவே போயிருந்தால் இந்த வழக்கில் அவர் ஏன் நிற்கிறார் என்று நீதிபதி கேட்பார். புதுசின் குழந்தையைக் காரணம் சொன்னால் மெஷினை மறைத்து நான் பொய் எழுதியதாகும். ஒரு பழக்கத்துக்காக ஒரு மனிதரை இரண்டு வருஷம் பூட்டிவைக்க எனக்கு மனம் வரவில்லை. எழுதினேன். மெஷினையும் ஒப்படைக்கவைத்தேன்.

நீதிபதி தாளை இரண்டு தடவை படித்தார். பதினேழு பொய் ஒப்புதலையும் வாங்கிய ஸ்டேஷனிலிருந்து வந்திருந்த அதிகாரி, ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று பழைய வழக்கையும் கணக்கில் எடுக்கவில்லை என்றார் நீதிபதி. முப்பத்தெட்டு பதினேழாகியது. சிறை இல்லை; ஒரு வருஷ நன்னடத்தைக் கண்காணிப்பு, நிரந்தர வேலையில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை.

மேஸ்திரி வராந்தாவில் நின்றிருந்தார். ஒட்டடையைத் தாண்டி என்னிடம் வந்து பேசினார்.

"கோர்ட்டு அவனை விட்டது சரிதாம்மா. நாங்க சேத்துக்க முடியாது. அடுத்த தடவ யாராவது நான் போறேன்னு முன்னால வந்தா, இவன் எடுத்திருப்பானோன்னு மத்தவன் பாப்பான். அப்படிப் பாத்துக்கிட்டு ஒரே மூட்டையை ரெண்டு பேரு தூக்க முடியாது."

புதுசு கொஞ்சம் தள்ளி நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாதம் முடிந்து முதல் கையெழுத்துக்கு ஒட்டடை வந்தார். சவரம் செய்து, சட்டையை உள்ளே விட்டிருந்தார். நான்கு இடத்தில் கேட்டிருக்கிறார். எங்கேயும் முதல் கேள்வி, பழைய கோஷ்டி ஏன் விட்டது என்பதுதான். கண்காணிப்புப் படிவத்தில் வேலை இருக்கிறதா என்ற கேள்விக்கு இரண்டே கட்டங்கள். இல்லை என்பதில் இரண்டு மாதம் தொடர்ந்து குறி விழுந்தால் கோப்பு தானாகவே நீதிபதியிடம் திரும்பிப் போகும், அவர் சிறைக்கு அனுப்பலாம்.

அவர் என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எது உண்மையோ அதை எழுதுங்க மேடம்," என்றார். "போன தடவை மாதிரி."

இல்லை என்பதில் குறி போட்டேன்.