விருந்தாளியிடம் சொல்லாத வலி

முகாமுக்கு உதவும் நிறுவனத்தார் கணக்கெடுத்து எழுதிய அறிக்கை மூன்றே பக்கம். அதன் சாரம் ஒரே வரி: பள்ளிக் குழந்தைகள் நூற்றுப் பன்னிருவருள் மூவருக்கு மட்டுமே பல்வலி உண்டு, ஆகவே முகாமிலுள்ள பல் மருத்துவ நாற்காலியை அடுத்த மாதம் வேறிடத்திற்கு மாற்றலாம்.

அதை நான் நம்பவில்லை. எல்லைக்கு இப்பால் தாய்லாந்தில் அமைந்த இந்தக் கரென் அகதி மக்கள் முகாமில் இருபத்தாறு ஆண்டுகள் பள்ளி நடத்தி ஓய்வு பெற்றவன் நான். ஓய்வுக்குப் பிறகும் காலைக் கூட்டத்தை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. வகுப்பில் பாதிக் குழந்தைகள் ஒரு பக்கமாகவே மெல்லுகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். அந்த நாற்காலி வருவதற்கு முன்பு, கன்னம் வீங்கிய குழந்தையை நகர மருத்துவமனைக்குக் கொண்டுபோக வாயிற்காவலில் அனுமதிச் சீட்டுக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. சீட்டு வருவதற்குள் வீக்கம் கண்ணை மூடிவிடும்.

நாற்காலியை ஆள்பவள் வாகூ. இதே முகாமில் பிறந்து, இதே பள்ளியில் படித்து, வெளியிலிருந்து வந்த மருத்துவர்களிடம் இரண்டாண்டு பயின்றவள். சொத்தையை அடைப்பாள், அடைக்க முடியாததைப் பிடுங்குவாள். ஆனால் கன்னம் வீங்கும் வரை பிள்ளைகள் அவளிடம் வருவதில்லை. பள்ளிக்குப் பின்னாலுள்ள மூங்கில் அறையில் அவளுடைய கருவிகள் கொதிநீரில் கலகலக்கும் ஒலியை நான் காலைக் கூட்டத்திலிருந்தே கேட்பேன். நாற்காலி போனால் அவள் கற்றதும் அதனோடு போகும்.

பொய்யறிக்கை எழுதியவர்களைத் திட்டிக்கொண்டே அவளிடம் போனேன். அவள் கருவிகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“அவங்க பொய் எழுதல, தரா,” என்றாள். ஆசிரியரை நாங்கள் அப்படித்தான் அழைப்போம். “புள்ளைங்க சொன்னதத்தான் எழுதிருக்காங்க. கேட்டவங்ககிட்ட மூணு பேரத் தவிர எல்லாப் புள்ளயும் வாயப் பொத்திக்கிட்டு ‘நல்லாருக்கோம், ஒரு குறையும் இல்ல’ன்னுச்சு. அதச் சொல்லிக்கொடுத்தது யாரு?”

அந்த வாக்கியம் என் வகுப்புச் சுவரில், என் கையெழுத்தில் தொங்கியது. விருந்தாளியிடம் தன் துன்பத்தைச் சொல்வது அவர் தலையில் சுமையேற்றுவது என்பது எங்கள் மக்களின் நெறி. அதனை இருபத்தாறு ஆண்டுகளாகக் காலைதோறும் ஒரே குரலில் சொல்லவைத்தவன் நானே. அறிக்கை எழுதியவர்கள்மேல் மூண்ட சினம் திரும்பி வந்து என்மேலேயே உட்கார்ந்தது.

நாற்காலியை எடுத்துச்செல்ல ஒப்பமிடும் நிறுவன அலுவலர் பத்து நாளில் வருவதாக இருந்தது. தவறிழைத்தவன் திருத்த வேண்டும் அல்லவா? மறுநாள் காலைக் கூட்டத்திலேயே ‘எனக்குப் பல் வலிக்கிறது’ என்று கரும்பலகையில் எழுதி, ஒவ்வொருவராக எழுந்து சொல்லும்படி பணித்தேன். ஒருவரும் எழவில்லை. கடைசியில் எட்டு வயதுத் தாப்லு எழுந்தாள்.

“அவர் நம்ம வீட்டுக்கு வர்றவரு, தரா. சொன்னா வருத்தப்படுவாரே.”

என் பாடத்தை அவள் என்னைவிட நன்றாகவே கற்றிருந்தாள். பலகையை அழித்தேன். நடந்ததை வாகூவிடம் சொன்னபோது அவள் சிரித்தாள். பிள்ளைகளை மாற்ற வேண்டியதில்லை என்றும், வருகிறவரை மாற்றினால் போதும் என்றும் சொன்னாள். எப்படி என்று கேட்டேன், தண்ணீர் வாளிகளைக் கழுவப் போய்விட்டாள்.

அலுவலர் அனூச்சா குறித்த நாளில் வந்தார். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, கையில் கோப்பு. வழக்கப்படி அவரைப் புதுப்பாயில் அமரவைத்துத் தேநீர் கொடுத்து நாங்கள் விலகி நிற்க வேண்டும். நான் பாயை விரிக்கக் குனிந்தேன். வாகூ அதனை என் கையிலிருந்து வாங்கிச் சுருட்டி மூலையில் வைத்துவிட்டு, அவரிடம் தாய்லாந்து மொழியில் ஏதோ சொன்னாள். அவர் திகைத்தார். பிறகு கோப்பினை ஜன்னலில் வைத்துவிட்டுச் சட்டைக் கையை மடித்துக்கொண்டார். இன்றைக்குத் தண்ணீர் சுமக்க ஆளில்லை என்றும், தண்ணீர் இல்லாமல் நாற்காலி எப்படி இயங்குகிறது என்பதைக் காட்ட முடியாது என்றும் சொன்னாளாம். எனக்கு உடல் கூசியது. வந்தவரை வேலை வாங்குவதா?

அவர் காவடித் தடியைத் தோளில் வைத்தார். இருபுறமும் தகர வாளிகள். மேட்டில் ஏறும்போது பாதித் தண்ணீர் அவருடைய கால்சட்டையிலேயே கொட்டியது. பள்ளி முழுவதும் வேலியருகே கூடிவிட்டது. அடுத்து வாகூ கருவிகளைக் கொதிக்கவைக்கும் அடுப்பின் முன் அவரை உட்காரவைத்தாள். ஈர விறகு, புகை அவரையே தேடித்தேடிப் போயிற்று. கண்ணைக் கசக்கிக்கொண்டு அவர் இருமியதைப் பார்த்துத் தாப்லுவுக்குப் பொறுக்கவில்லை. வேலியைத் தாண்டி வந்து, ஊதுகுழலை அவர் கையிலிருந்து வாங்கி, எப்படி ஊத வேண்டும் என்று காட்டினாள். அடுப்பு பற்றிக்கொண்டது. இருவர் முகத்திலும் கரி.

அவர் அவளைப் பார்த்துக் கேட்டார், வாகூ மொழிபெயர்த்தாள். அறிக்கையில் இருந்த அதே கேள்விதான்: பல் வலிக்கிறதா?

தாப்லுவின் கை வாயைப் பொத்த உயர்ந்தது. அவருடைய ஈரக் கால்சட்டையையும் கரிபடிந்த சட்டையையும் பார்த்தாள். எங்களோடு தண்ணீர் சுமந்து, எங்கள் அடுப்பை ஊதுகிறவர் வீட்டு மனிதர். வீட்டு மனிதரிடம் மறைப்பதற்கு எதுவுமில்லை. கை கீழிறங்கியது.

“வலிக்குது. மூணு மாசமா. இந்தப் பக்கம் மென்னா காது வரைக்கும் போவுது. ராத்திரியில அம்மாவ எழுப்ப மாட்டேன், பாயக் கடிச்சுக்குவேன்.”

வேலியருகிலிருந்து ஒரு குரல் வந்தது: “ஒரு பல்லுக்கே இவ்வளவு பேச்சா? எனக்கு நாலு.”

அதற்குப் பிறகு தடுப்பார் இல்லை. ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு வாயை அகலத் திறந்தார்கள். வாகூ அவர்களை வரிசையில் நிறுத்திக் கண்ணாடியும் விளக்கும் கொண்டு பார்த்துச் சொல்லச் சொல்ல, அலுவலர் கரிக்கையோடு எழுதினார். உச்சிப்பொழுதுக்குள் பக்கம் தீர்ந்துபோய்த் தாளைப் பின்புறம் திருப்பினார். எண்ணிப் பார்த்தபோது எழுபத்தொருவர்.

தாப்லுவின் பாற்பல்லை வாகூ அவர் கண்முன்னே பிடுங்கினாள். மரத்துப்போக ஊசி போட்டாள். குழந்தையின் காதோடு ஏதோ கதை பேசினாள். கதை முடிவதற்குள் பல் தட்டில் கிடந்தது. தாப்லு அழவில்லை. அலுவலர்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு மாற்றல் தாளை எடுத்துக் குறுக்கே கோடிட்டார். நாற்காலி இங்கேயே இருக்கும் என்றும், இனிமேல் ஆண்டுதோறும் இந்த முகாமின் கணக்கெடுப்பை வாகூவே செய்ய வேண்டும் என்றும் எழுதி ஒப்பமிட்டார். அவளுடைய பெயரைப் பிழையின்றி எழுத இருமுறை கேட்டுக்கொண்டார்.

இந்த முகாமில் பிறந்த பெண்ணின் பெயர், எங்கள் பிள்ளைகளைப் பற்றிய தாளில், எழுதும் பொறுப்புடையவளின் பெயராக ஏறியதை நான் என் கண்ணால் பார்த்தேன். என் மாணவி என்று சொல்லிக்கொள்ள வாய் வரை வந்தது. அன்றைக்குக் கற்றவன் நான் என்பதால் சொல்லவில்லை.

புறப்படும் முன்பு அலுவலர் என் பக்கம் திரும்பி, பெரியவருக்குப் பல் எப்படி என்று வாகூ வழியாகக் கேட்டார். நாற்பதாண்டு வெற்றிலை, பின்பற்கள் இரண்டில் வேர்தான் மிச்சம்.

“நல்லாருக்கேன், ஒரு குறையும்...” என்று தொடங்கினேன்.

தாப்லு வாயில் பஞ்சைக் கடித்தபடியே என்னைப் பார்த்தாள். வாகூ நாற்காலியின் மேல் புதுத்துணியை விரித்துத் தட்டிவிட்டாள்.

“வலிக்குது,” என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தேன்.