மௌனத்துக்கு ஏற்ற ஆம்ப்ளிஃபயர்

1997இல், கிரிவலப் பாதையிலுள்ள அடி அண்ணாமலையில் ஆளுயர ஸ்பீக்கர்கள் இருந்தது இளஞ்செழியன் வீட்டில் மட்டும்தான். நான்கு மாதமாக அவற்றிலிருந்து ஒரு பாட்டுகூட வந்ததில்லை.

ஸ்பீக்கர்களுக்கு நடுவே பலகையின் மேல், கண்ணாடிக் குழல்கள் கனன்று சூடேறும் பழைய வால்வு ஆம்ப்ளிஃபயர் ஒன்று இருந்தது. ஆசிரமத்துப் பக்கம் தங்கியிருந்த ஜெர்மன்காரர் ஒருவர் ஊர் திரும்பும்போது விற்றுவிட்டுப் போனது. அப்படி விற்கிறவர்களிடம் வாங்கி, ரசனையுள்ளவர்களுக்குக் கைமாற்றி விடுவதுதான் ஜானி பாஷாவின் தொழில். வீட்டிலேயே வைத்துக் கேட்டுப் பாருங்கள், பிடித்தால் எடுத்துக்கொள்ளுங்கள் என்பது அவருடைய வழக்கம். அந்த வழக்கத்தை அவர் இப்போது நொந்துகொண்டிருந்தார்.

ஏனென்றால் இளஞ்செழியன் கேட்டது பாட்டை அல்ல.

"பாட்டு போட்டா எந்த செட்டும் நல்லாத்தான் இருக்கும் பாய். போடாதப்போ எப்படி இருக்குதுன்னு பார்க்கணும்."

பகலெல்லாம் கீழ்பென்னாத்தூர் வேளாண்மை அலுவலகத்தில் உர மூட்டைச் சண்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருப்பவர் அவர். மாலையில் வீட்டுக்கு வந்ததும் செட்டைப் போட்டு, சத்தத்தை முக்கால்வாசிக்குத் திருகி, எதையும் ஓடவிடாமல் கண்ணை மூடிக்கொள்வார். ஒவ்வொரு ஆம்ப்ளிஃபயருக்கும் ஒவ்வொரு மௌனம் உண்டு என்பது அவர் கட்சி. ஜானி பாஷா முதலில் கொண்டுவந்ததன் மௌனம் ஆஸ்பத்திரி வராந்தா போல இருந்தது. இரண்டாவது, பந்தி முடிந்த கல்யாண மண்டபம். இந்த வால்வு செட்டின் மௌனம் மட்டும், மழை வருவதற்குச் சற்று முன் ஏரி இருப்பது போல இருந்தது. வாழ்க்கையில் அவர் தேடியது அதைத்தான்.

ஒரே குறை, இடது ஸ்பீக்கரில் மெல்லிய ரீங்காரம். ஹம் அடிக்கிறது என்பார் ஜானி பாஷா. ஒயரை மாற்றினார்கள். பீரோவை நகர்த்தினார்கள். ஸ்பீக்கருக்குப் பின்னால் வேர்க்கடலை மூட்டை வைத்துப் பார்த்தார்கள். ரீங்காரம் போகவில்லை.

கடைசியில் ஜானி பாஷா கறாராகச் சொல்லிவிட்டார். "செங்கம் ரோட்ல காபிக்கடை வச்சிருக்காரே ராமதாஸ், அவரு இந்த செட்ட கேட்டுனே கீறாரு சார். பௌர்ணமி அன்னிக்கு சாயங்காலம் வருவேன். வேணும்னா வேணும், வேணாம்னா வேணாம்னு சொல்லிடணும்."

இளஞ்செழியனுக்குச் சோறு இறங்கவில்லை. எடுத்துக்கொண்டால் ஆயுள் முழுக்க அந்த ரீங்காரம். விட்டுவிட்டால் அந்த ஏரி, காபி டம்ளர்களின் சத்தத்துக்கு நடுவே போய்ச் சேரும்.

பௌர்ணமி வந்தது. பொழுது சாயும்போதே வாசலில் கிரிவலக் கூட்டம் நகர்ந்துகொண்டிருந்தது. வால்வு சூடு தாங்காமல் அவர் மனைவி உண்ணாமலை தெருக்கதவைத் திறந்து வைத்தாள். உள்ளே இருட்டு. இருட்டில் இரண்டு செம்மஞ்சள் சுடர்கள். அவற்றின் எதிரே கண்மூடிச் சம்மணமிட்ட ஒரு மனிதர். போகிறவர்கள் எட்டிப் பார்த்தார்கள். கையெடுத்துக் கும்பிட்டார்கள். சிலர் உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். அவர்களைப் பார்த்து இன்னும் சிலர்.

"வழியில எட்டு லிங்கம்தானே? இது எந்தக் கணக்குல வருது?"

"சும்மா உட்காருடா. கும்பிட்டா கொறஞ்சா போயிடுவ?"

யாரோ வலது ஸ்பீக்கருக்கு விபூதி பூசினார்கள். வேறொரு நாளாக இருந்தால் இளஞ்செழியன் அலறியிருப்பார். ஆனால் அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ரீங்காரம் நின்றுபோயிருந்தது.

காரணம் தெரிந்தாக வேண்டும். ஒவ்வொருவராக எழுந்திருக்கச் சொன்னார். இந்த இடத்து வழக்கம் போலிருக்கிறது என்று அவர்களும் எழுந்து எழுந்து உட்கார்ந்தார்கள். இடது மூலையில் இருந்த பருத்த அம்மாள் எழுந்தபோது ரீங்காரம் வந்தது. அவர் உட்கார்ந்ததும் போயிற்று.

"அம்மா, இன்னொரு வாட்டி எழுந்திரிங்க... உட்காருங்க... இன்னொரு வாட்டி."

"எத்தினி தோப்புக்கரணம்பா இந்த சாமிக்கு?" என்று மூச்சு வாங்கினார், ஆரணியிலிருந்து வந்திருந்த சந்திரம்மாள்.

இளஞ்செழியன் உண்ணாமலையைக் கூப்பிட்டு அதே இடத்தில் உட்கார வைத்தார். ரீங்காரம் வந்தது.

"ஏங்க, பதினஞ்சு வருஷமா உங்களோட குப்பை கொட்றேன். எனக்கு ஹம் அடிக்குது, அந்தம்மாவுக்கு அடிக்கலியா?"

அவள் விருட்டென்று எழுந்தாள். வாசலில் ஆட்டோ வந்து நின்றது. ஜானி பாஷா உள்ளே நுழைந்தார். கூட்டத்தைப் பார்த்ததும் அவரை அறியாமல் செருப்பைக் கழற்றினார்.

"சார், இன்னா முடிவு?"

"நான் கெளம்புறேன் தம்பி. இன்னும் பாதி மலை கீது" என்றார் சந்திரம்மாள்.

இளஞ்செழியன் ஜானி பாஷாவை விட்டுவிட்டு அந்த அம்மாள் பக்கம் ஓடினார். "அம்மா, நீங்க பௌர்ணமிக்குப் பௌர்ணமி வருவீங்களா?"

"தப்பாம வருவேன்."

"வர்றப்போ இந்த மூலையில கொஞ்ச நேரம் உட்கார்ந்துட்டுப் போவீங்களா?"

"உட்கார்ந்து?"

"ஒன்னும் செய்ய வேணாம். சும்மா."

சந்திரம்மாள் ஸ்பீக்கர்களைச் சந்தேகமாகப் பார்த்தார். "இதுல எப்போ பாட்டு போடுவீங்க?"

"போட மாட்டோம்."

"நெசமாவா?"

"சத்தியமா."

அந்த முகம் மெல்ல இளகியது. "எங்க வூட்ல புள்ளைக்கு ஒரு டிவி, மருமவளுக்கு ஒரு டிவி. அதுக்குப் பயந்துதான் ஓடியாறேன். இங்க வந்தா வழியெல்லாம் மைக்செட்டு." சொல்லிக்கொண்டே மறுபடியும் உட்கார்ந்து கண்ணை மூடினார். ரீங்காரம் அடங்கியது.

"மாசத்துல ஒரு நாளைக்கா சார் இந்த செட்டு?" என்றார் ஜானி பாஷா.

"மத்த நாள்ல நான் பாட்டு கேக்கப்போறேன்" என்றாள் உண்ணாமலை. இளஞ்செழியன் மறுக்கவில்லை. சும்மா கிடக்கிற நாளில் யார் எதற்குப் பயன்படுத்தினால் என்ன?

"அப்போ எடுத்துக்கிறீங்கதானே? ராமதாஸ் கிட்ட நான் இன்னா..."

சந்திரம்மாள் கண்ணைத் திறக்காமல் உதட்டில் விரல் வைத்தார். அறையிலிருந்த அத்தனை பேரும் திரும்பி ஜானி பாஷாவை முறைத்தார்கள். உண்ணாமலையும்தான்.

ஜானி பாஷா நுனிக்காலில் வெளியே போய், ஆட்டோக்காரரிடம் இன்ஜினை அணைக்கச் சொன்னார்.