ரிக் வண்டியில் ஏறாத பாட்டு

அப்பா கேட்டது ஒன்றே ஒன்றுதான். வெள்ளிக்கிழமை ரிக் வண்டி கிளம்புவதற்குள் அம்மா பாடிய பாட்டுகளைப் பென் டிரைவில் ஏற்றித் தர வேண்டும்.

"பதினொன்னு இருக்குதுல்ல சாமி? அது மட்டும் போதும். வேற பாட்டு எதும் போடாத," என்றார். திங்கட்கிழமை காலை அது. நான் தலையாட்டினேன்.

அப்பா மணியன் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் வேலை செய்கிறார். மழைக்காலத்தில் ஊருக்கு வரும் வண்டி, ஐப்பசி பிறந்ததும் சத்தீஸ்கர் பக்கம் போய்விடும். பிறகு எட்டு மாதம் காடும் பாறையும்தான். பல இடங்களில் சிக்னலே கிடைக்காது. அதனால் எங்கள் ஊர் மல்லசமுத்திரத்தில் ரிக்குக்குப் போகிறவர்கள் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. கிளம்புகிற வாரம் வீட்டுப் பெண்கள் போர்வை துவைத்து, பருப்புப் பொடி அரைத்து, கடைசியாக ஒரு பென் டிரைவ் நிறையப் பாட்டு ஏற்றிக் கொடுப்பார்கள். யார் வீட்டுப் பாட்டு நன்றாக இருக்கிறது என்று கேபினுக்குள் சண்டையே நடக்கும் என்று அப்பா சொல்வார். எங்கள் வீட்டில் அதை அம்மா செய்தாள்.

மாசியில் அம்மா போய்விட்டாள். காய்ச்சல் என்று சேலத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஒன்பதாம் நாள் ஆம்புலன்ஸில் திரும்பி வந்தோம்.

அம்மாவுக்குப் பாடப் பிடிக்கும். ஆனால் எங்கள் சுவரை ஒட்டி முருகானந்தம் அண்ணனின் நான்கு விசைத்தறிகள் விடிந்ததிலிருந்து ஓடும். நாங்கள் சாதாரணமாகப் பேசுவதே மற்றவர்களுக்குச் சண்டை போலக் கேட்கும். மாதத்தில் ஒரு நாள் பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்துவார்கள். அன்று தறிகள் நிற்கும். முந்தின நாளே போனுக்கு நிறையச் சார்ஜ் ஏற்றி வைத்துக்கொண்டு, அம்மா உள் அறைக் கதவைச் சாத்திக்கொள்வாள். அவள் போனில் பாடுவதற்கென்று ஒரு செயலி இருந்தது. சினிமாப் பாட்டின் இசை மட்டும் அதில் ஓடும். நாம் கூடவே பாடினால் குரலையும் இசையையும் சேர்த்து வைத்துக்கொள்ளும். மாதம் ஒரு பாட்டு என்று பதினொரு மாதம் பாடினாள். எங்களைக் கேட்க விடவில்லை. தனக்கே பிடித்த பிறகுதான் கேட்க வேண்டும் என்றாள்.

ஆடித் தள்ளுபடியில் அந்தப் போனைக் கொடுத்துவிட்டு நான் புதிது வாங்கினேன். கல்லூரிக்குப் போன் தேவைப்பட்டது. பழையதைக் கொடுக்காமல் புதிது வாங்க எங்களால் முடியாது. கொடுப்பதற்கு முன் பதினொரு பாட்டையும் மெமரி கார்டுக்கு நகலெடுத்தேன். வரிசையாகப் பெயர்கள் தெரிந்தன. ஒன்றைக்கூட ஓடவிட்டுப் பார்க்கவில்லை. அம்மாவின் குரலைக் கேட்கிற தைரியம் அப்போது எனக்கு இல்லை. போனில் இருந்த எல்லாவற்றையும் அழித்துக் கடையில் கொடுத்தேன்.

இப்போது கார்டைப் போட்டு முதல் பெயரைத் தொட்டேன். திறக்கவில்லை. அடுத்ததும் அப்படித்தான். பதினொன்றும் பனி மூடிய தெருவில் விளக்கெரியும் வீடுகள் போல வரிசையாக இருந்தன. எந்தக் கதவைத் தட்டினாலும் ஆள் வரவில்லை.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே செல்போன் கடை வைத்திருக்கும் தீர்த்தகிரி அண்ணன் கார்டைக் கம்ப்யூட்டரில் போட்டு வெகுநேரம் பார்த்தார்.

"இது பூட்டுப் போட்ட பாட்டும்மா. இசை பாட்டுக் கம்பெனியோடது. ஆரும் காப்பி எடுத்து வித்துறக் கூடாதுன்னு பூட்டிருக்கறாங்க. சாவி அந்தப் பழைய போனுக்குள்ளதான் இருந்திருக்கும்."

"குரல் எங்கம்மாவோடதுங்கண்ணா."

"அது பூட்டுக்குத் தெரியாதுல்ல," என்றார். சொன்ன பிறகு அவரே சங்கடப்பட்டுக் கார்டைச் சட்டையில் துடைத்துக் கொடுத்தார். இன்னும் ஒரு வழி இருப்பதாகவும் சொன்னார். அம்மாவின் நம்பரைக் கொடுத்துச் செயலிக்குள் நுழைந்தால், அவள் வெளியே பகிர்ந்த பாட்டு ஏதாவது இருந்தால் கிடைக்கலாம். ஆனால் ஓடிபி அந்த நம்பருக்குத்தான் போகும். மாசிக்குப் பிறகு அந்த நம்பருக்கு நாங்கள் ரீசார்ஜ் செய்யவே இல்லை.

அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஓடவிட்டுப் பார்க்காததையும் சொன்னேன். அவர் மடித்துக்கொண்டிருந்த போர்வையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"மாசியில வந்து பதினாறு நாள் இருந்தேன். அந்தப் போன் அலமாரியிலதான் கெடந்துச்சு. நானுந்தான் தொடல," என்றார். பிறகு அம்மாவின் நம்பரை மனப்பாடமாகச் சொல்லி என்னை அடிக்கச் சொன்னார்.

மணி போனது. ஒரு பெண் எடுத்தார். ராசாத்தி என்று பெயர், எருமப்பட்டிப் பக்கம். போன மாதம்தான் இந்த சிம் வாங்கினாராம். ஓடிபி என்று நான் ஆரம்பித்ததும் துண்டித்துவிட்டார். அடுத்து அப்பா தன் போனிலிருந்து பேசினார். முன்பொரு முறை எருமப்பட்டியில் போர்வெல் போட்டதையெல்லாம் சொன்னார். அந்தப் பெண் அசையவில்லை. கடைசியில், நிஜம் என்றால் நேரில் வரச் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை நாமக்கல் போய் பஸ் மாறி எருமப்பட்டி போனோம். களத்தில் சோளம் காயப் போட்டிருந்த ராசாத்தி அக்கா எங்களைக் கண்டதும் எழுந்தார்.

"ஏமாத்தறவன் ரெண்டு பஸ்ஸு மாறி வரமாட்டான். உக்காருங்க," என்றார்.

நான் அம்மாவின் படத்தைக் காட்டினேன். மாலை போட்ட படம். அதை வாங்கிப் பார்த்தவர், "இவங்கதான் சாரதாமணிங்களா?" என்று கேட்டார். "இவங்களுக்கு வர்ற மெசேஜெல்லாம் எனக்குத்தானுங்க வருது. கேஸ் சிலிண்டர் வந்துருச்சுங்கறான். பொடவக் கடையில இருந்து பொறந்த நாள் வாழ்த்து வந்துச்சு. நான் எங்கூட்டுக்காரர்கிட்டச் சொல்லிச் சிரிச்சனுங்க." சொல்லிவிட்டுப் படத்தை முந்தானையால் துடைத்தார்.

ஓடிபியை ஒவ்வொரு எண்ணாக, பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பது போலச் சொன்னார். என் போனில் செயலி திறந்தது. அம்மாவின் பெயரும், அவள் படத்துக்குப் பதிலாக வைத்திருந்த செம்பருத்திப் பூவும் வந்தன. அதற்குக் கீழே ஒரே ஒரு பாட்டு. மற்ற பத்தும் அந்தப் போனைத் தாண்டி வெளியே வந்ததே இல்லை. இந்த ஒன்றை அம்மா கை தவறிப் பகிர்ந்திருக்க வேண்டும். சந்தா கட்டாதவர்களுக்கு முப்பது விநாடிதான் கேட்கும் என்று போட்டிருந்தது. அங்கே வைத்துக் கேட்க வேண்டாம் என்று அப்பா சைகை செய்தார். ராசாத்தி அக்கா ஒரு பையில் சோளக் கதிர் கட்டிக் கொடுத்தார்.

புதன்கிழமை இருப்பதிலேயே சிறிய சந்தாவை ஒரு வாரத்துக்குக் கட்டினேன். பாட்டு முழுதாகக் கிடைத்தது, செயலிக்குள் மட்டும். இறக்கி வைத்தாலும் பென் டிரைவில் ஏறாது. இசை தொடங்கும் சில விநாடியை மட்டும் திரையோடு சேர்த்துப் பதிவு செய்து பார்த்தேன். படம் வந்தது, சத்தம் வரவில்லை. மிச்சமிருந்தது ஒரே வழிதான். என் போனில் ஓடவிட்டு, பக்கத்தில் அப்பாவின் போனை வைத்துப் பதிவு செய்ய வேண்டும். அம்மா பாடிய வீட்டிலேயே வைத்துத்தான் கேட்க வேண்டும் என்றார் அப்பா. அதற்குத் தறி நிற்க வேண்டும். அடுத்த பராமரிப்பு நாளுக்குப் பத்து நாள் இருந்தது. தீபாவளி நெருங்கியதால் தறிகள் ராத்திரியும் ஓடின.

வியாழக்கிழமை அப்பா போய் முருகானந்தம் அண்ணனிடம் கேட்டார். எத்தனை நிமிடம் என்று அவர் கேட்டார். நான்கு என்றார் அப்பா. அண்ணன் ஒவ்வொரு தறியாக நிறுத்திவிட்டு, கையில் பஞ்சு ஒட்டியிருக்க, எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். கரண்ட் இருக்கும் பகலில் அப்படி ஓர் அமைதியை, அம்மாவைக் கொண்டுவந்த நாளுக்குப் பிறகு, எட்டு மாதம் கழித்து அன்றுதான் கேட்டேன்.

இரண்டு போன்களையும் தலையணை மேல் வைத்தேன். முதலில் இசை வந்தது. பிறகு அம்மா வந்தாள். முதல் வரியில் கொஞ்சம் நடுக்கம். இரண்டாம் வரியிலிருந்து, நான் ஒருபோதும் கேட்டிராத ஒரு குரல். கத்திப் பேசியே பழகிய என் அம்மாவின் குரல் இவ்வளவு மெல்லியது என்று எனக்குத் தெரியாது. அப்பா தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒன்றரை நிமிடம்கூட ஆகியிருக்காது. தடதடவென்று தறிச் சத்தம் கேட்டது. முருகானந்தம் அண்ணன் திடுக்கிட்டுத் தன் தறிக்கூடத்தைத் திரும்பிப் பார்த்தார். அங்கே எதுவும் ஓடவில்லை. சத்தம் போனுக்குள்ளிருந்து வந்தது. "போச்சு போ, கரண்டு வந்துருச்சு," என்றாள் அம்மா. சிரித்தாள். அதோடு முடிந்தது.

நான் பதிவை நிறுத்திச் சேமித்தேன். முருகானந்தம் அண்ணன் கையில் ஒட்டியிருந்த பஞ்சை உதறினார்.

"தறிய ஓட்டட்டுங்களா?"

"இன்னொருக்காக் கேட்டுக்கறனுங்க," என்றார் அப்பா.

அண்ணன் வாசற்படியில் உட்கார்ந்தார்.