மேல்மலை ஃபிர்

செடி அழுத்தும் பலகையின் வாரை நரசிம்மமூர்த்தி அவிழ்த்துக்கொண்டிருந்தபோது, கேசவமூர்த்தி இரண்டாம் முறையாகச் சொன்னான்: "எனக்குச் சாப்பாடு வேண்டாம் மாமி. ஸ்டேஷன்லயே ஆயாச்சு."

"நாலு நாள் ரயில்ல வந்தவன் ஸ்டேஷன்ல சாப்ட்டானாம்!" என்று முணுமுணுத்தபடி அவர் மனைவி ஸரஸா உள்ளே போனாள். நேற்று ஏகாதசி. டேராடூனில் வனத்துறைப் பயிற்சியில் இருக்கும் மகன் சம்பத்துக்காகத் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்தாள். விரதம் முடிக்கும் துவாதசித் தளிகை சமைத்து முடிந்தும், கணவர் சாப்பிடாமல் அவள் சாப்பிடமாட்டாள்.

கேசவன் சம்பத்தோடு படிப்பவன். "அவனுக்கு லேசா ஜுரம், அதான் நான் மட்டும் வந்தேன்," என்று அவளிடம் சொல்லிவைத்திருந்தான். சம்பத் சேகரித்த செடிகளையும் கொண்டுவந்திருந்தான்.

மைசூரில் எல்லோருக்கும் கூம்பாக நிற்பதெல்லாம் கிறிஸ்மஸ் மரம்தான். கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுக்கும் நரசிம்மமூர்த்திக்கு அதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். யாராவது வாய் கொடுத்தால் அரைமணி மாட்டிக்கொள்ளவேண்டியதுதான்.

முதல் தாளில் ஸ்ப்ரூஸ். காய்ந்ததும் ஊசிகள் உதிர்ந்து வெறும் குச்சி. காய் தலைகீழாகத் தொங்கும் மரம் அது. அடுத்தது ஃபிர். காய் கிளைமேல் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும். ஊசி தட்டை, காய்ந்தாலும் உதிராது. நீளமாக, மெத்தென்று இருந்தது. கீழ்மலை ஃபிர். பையன் நன்றாகத்தான் அழுத்தியிருக்கிறான் என்று அவருக்குப் பெருமையாக இருந்தது.

கடைசித் தாளைப் புரட்டினார். இதுவும் ஃபிர்தான். ஊசி குட்டை, விறைப்பு. ஓரம் உள்பக்கம் சுருண்டு, நுனி இரண்டாகப் பிளந்திருந்தது. அடியில் இரண்டு வெள்ளைக் கோடுகள். மேல்மலை ஃபிர், பனிக்கோட்டுக்குப் பக்கத்தில் மட்டும் வளர்வது.

சின்ன வயதில் மூட்டு ஜுரம் வந்து சம்பத்தின் இருதயம் கெட்டுப்போயிருந்தது; அதிக உயரம் ஏறினால் தாங்காது. ரயில் ஏற்றும்போது அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான். நீள ஊசி ஃபிர் வரைக்கும் போ. குட்டை ஊசியைப் பார்த்தால் திரும்பிவிடு.

"இதை யார் பறிச்சா?"

"அவன்தான், மாமா."

"மேலே ஏறினானா?"

"நாங்க சொன்னோம், கேக்கலை. அப்பாவுக்கு ரெண்டு ஃபிரையும் பக்கத்துல வெச்சுக் காட்டணும்னான்."

அவர் குரலைத் தாழ்த்தினார். "இறங்கினானா?"

"தந்தி அடிக்க மனசு வரலை, மாமா. அங்கேயே காரியமெல்லாம் பண்ணிட்டோம்."

சாவைக் கேட்ட காதோடு அவர் ஸ்நானம் செய்யவேண்டும். சோற்றைத் தொடக்கூடாது. இப்போது சொன்னால் ஸரஸா எத்தனை நாள் பட்டினி கிடப்பாளோ.

"இலை போட்டாச்சு, வாங்கோ," என்றாள் உள்ளிருந்து.

"கொஞ்ச நேரம் வாயைத் திறக்காதேடா," என்று கேசவனிடம் சொல்லிவிட்டு எழுந்தார்.

இலைமுன் உட்கார்ந்தார். சாத்தமுது சாதத்தைப் பிசைந்து விழுங்கினார்.

"உப்பு சரியா இருக்கா?"

"இருக்கு. நீயும் உக்காரு."

அவர் கை கழுவி வந்தபோது அதே இலையில் அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவர் கேசவன் பக்கம் போகாமல் மோர்ப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு அவளருகில் நின்றார்.

ஸரஸா நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். "என்ன இது புதுசா இருக்கு? பிள்ளை செடி அனுப்பின சந்தோஷமா?"

"சாதம் இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ," என்றார். அவள் போட்டுக்கொள்ளும்வரை காத்திருந்து, மெதுவாக மோரை ஊற்றினார்.