எந்தக் காது

1

இந்தக் கதைக்குக் காரணம் அக்காதான். நாற்பது வருடம் நர்ஸாக இருந்தவள். இப்போது அவள் பார்வையின் நடுப்பகுதி மங்கிக்கொண்டே வருகிறது. ஓரங்கள் மட்டும் மிஞ்சும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். போன வாரம் போனில் பிடித்துக்கொண்டாள்.

"டேய், அந்தக் கரடிய எழுதிக் குடுடா. ஞாயித்துக்கிழமை வந்து வாசி. வர வர அதோட மூஞ்சியே மறந்துபோகுது. ஒரு காது கிழிஞ்சிருந்துச்சே, வலதா இடதா? நீயும்தானே பாத்த?"

பார்க்கவில்லை. அதுதான் சிக்கல்.

2

காட்டின் மௌனத்தைக் கிழித்துக்கொண்டு ஒரு கம்பீரமான —

(அடித்துவிட்டேன். கம்பீரமா இல்லையா, எனக்கெப்படித் தெரியும்?)

பனி விலகிய அந்தக் காலைப்பொழுதில் —

(பனியெல்லாம் இல்லை. முதல் நாள் மழையில் என் ஷூவுக்குள் தண்ணீர். அடிக்கு அடி தவளை மாதிரி சத்தம்.)

நடந்ததையே சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு மர மில்லில் ரம்பங்களைக் கூர் தீட்டும் வேலை. அன்று சாப்பாட்டு டப்பாவை வீட்டிலேயே மறந்துவிட்டார். பன்னிரண்டு வயது அக்காவும் ஏழு வயது நானும் அதைத் தூக்கிக்கொண்டு காட்டுப் பாதையில் நடந்தோம். ஒரு வளைவில் அக்கா சட்டென்று நின்றாள். டப்பாவை மெல்லத் தரையில் வைத்தாள். அடுத்த நொடி அவள் உள்ளங்கை என் கண்ணைப் பொத்தியது.

"கரடிடா. அசையாத. கடவுள வேண்டிக்கோ."

எங்கள் வீட்டில் பிரார்த்தனை சொல்லாமல் யாரும் டப்பாவைத் திறக்கக் கூடாது. எனக்கு மனப்பாடமாகத் தெரிந்ததும் அது ஒன்றுதான். உரக்கச் சொன்னேன்: "இந்த உணவைத் தந்த இறைவா, இதை உண்பவர் நலமாக இருக்கட்டும்."

மூடி கழன்று உருண்டது. சப்புக்கொட்டும் சத்தம் கேட்டது. அக்காவின் கை நடுங்கியது. பயம் என்று நினைத்தேன், சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாளாம்.

(அப்பா அன்று பட்டினி. "கரடிக்குப் பந்தி வச்சவங்க வர்றாங்க" என்று மாதக்கணக்கில் எங்களை ஓட்டினார்.)

3

பொய் அன்று சாயங்காலமே பிறந்தது. "தம்பி பாவம்மா, ஒண்ணுமே பாக்கல" என்று அக்கா அம்மாவிடம் சொன்னதும் எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

"விரல் இடுக்கு வழியா எல்லாத்தையும் பாத்தேன்!"

அக்கா முகம் மலர்ந்தது. தனியாகப் பார்த்தவளுக்குத் துணை கிடைத்துவிட்டதல்லவா? அதை எப்படிப் பறிப்பது? (ஐம்பது வருடமாக இதைத்தான் எனக்கு நானே சமாதானமாகச் சொல்லிக்கொள்கிறேன்.)

இடுக்கே இல்லை, அத்தனை இறுக்கம். விரல்களுக்குப் பின்னால் வெயில் சிவப்பாகத் தெரிந்தது. பென்சில் சீவிய வாசம். என் நெற்றிப்பொட்டில் அவள் நாடித் துடிப்பு. அந்தச் சின்னக் கைதான் பிறகு எத்தனையோ நெற்றிகளைத் தொட்டுப் பார்த்தது.

4

இன்று ஞாயிறு. அக்காவுக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறேன். மடியில் இரண்டு தாள்கள். ஒன்றில் கரடி: "அதன் ............ காது கிழிந்திருந்தது." எதைப் போட்டாலும் நம்புவாள். மற்றதில் என் கண்ணைப் பொத்திய அவள் கை மட்டும்.

இரண்டாவதை வாசித்தால், அன்று அவள் தனியாகத்தான் நின்றாள் என்றாகிவிடும். முதலாவதை வாசித்தால், அவளிடம் மிஞ்சியிருக்கும் கரடிக்கு நான் இட்டுக்கட்டிய காது ஒட்டிக்கொள்ளும். சின்ன அன்பைத்தான் கடவுள் பெரிதாக எடுத்துக்கொள்கிறார் என்று நம்புகிறவன் நான். இந்த இரண்டில் எது அன்பு என்று மட்டும் அவர் சொல்லவில்லை.

அக்கா தலையைச் சாய்த்து, கண்ணோரத்தால் என்னைத் தேடிப் பிடித்தாள்.

"என்னடா கனைச்சுக்கிட்டே இருக்க? முதல்ல பிரார்த்தனையா?"

இருவரும் சிரித்தோம். கண் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"சரி, சொல்லு. எந்தக் காது?"

கோடிட்ட இடத்தை அப்படியே விட்டிருக்கிறேன். இதை வாசிக்கிற நீங்கள் கொஞ்சம் என் நாற்காலியில் வந்து உட்காருங்கள். அவள் கையை நீட்டிக்கொண்டிருக்கிறாள்.