மார்லிஸின் வண்டி முதலில் போகும்

ஓரின் மகளின் மலைப்பாதை வண்டியில் உட்கார்ந்து மறுபடியும் சாவியைத் திருப்பினார். செல்ஃப் சுற்றியது. இஞ்சின் பிடிக்கவில்லை.

"பம்ப் போயிருக்கும்," என்றான் கர்ட்.

"பம்ப்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. நேத்து நான்தான ஓட்டிக் கொண்டாந்தேன்," என்றாள் டெஸ்ஸா. மார்லிஸோடு ஒரே பட்டறையில் வேலை பார்த்தவள்.

"நீ ஓட்டினல்ல. அதான் போயிருச்சு."

யாரோ சிரித்தார்கள். சட்டென்று நிறுத்திக்கொண்டார்கள்.

நீல்ஸ் வண்டியின் மறுபக்கம் நின்றிருந்தான். கையில் மனைவி மார்லிஸின் சாம்பல் இருந்த பெட்டி. போன வாரம் பட்டறையில் குனிந்து ஒரு போல்ட்டை முடுக்கிக்கொண்டிருந்த மார்லிஸ் அப்படியே சாய்ந்துவிட்டாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். முப்பத்தொரு வயது. அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதற்கு மேல் யோசனை போகவில்லை.

கொலராடோவின் அந்த மலையூரில் வண்டிக்காரர் யார் இறந்தாலும் அவர் வண்டிதான் கணவாய் உச்சிவரை முன்னால் போகும். அது தன் இஞ்சினாலேயே ஏற வேண்டும். இழுத்துப் போனால் அது ஊர்வலமில்லை. ஜூலையில் மதியமானால் உச்சியில் மின்னல் விழும். அதற்குள் ஏறி இறங்கிவிட வேண்டும். மேற்கே மேகம் கூடத் தொடங்கியிருந்தது. தெரு முழுக்க பைக்குகள் இஞ்சினை ஓடவிட்டுக் காத்திருந்தன.

காலையில் ஓரின் வந்து, "என் பொண்ணை நான் கூட்டிட்டுப் போறேன்," என்றபோது நீல்ஸ் உடனே சாவியைக் கொடுத்துவிட்டான். அவள் இருக்கையில் அவனால் உட்கார முடியாது.

செல்ஃப் இப்போது இழுத்து இழுத்துச் சுற்றியது. பாட்டரி இறங்குகிறது.

"டிரெய்லர்ல ஏத்திரலாம் பெரியவரே," என்றான் கர்ட். "மழை வந்துரும்."

"ஏத்துங்க. நான் வீட்டுக்குப் போறேன்."

ஓரின் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தார்.

நீல்ஸ் குனிந்து உள்ளே பார்த்தான். ஓரினின் வலது பூட்ஸ் ஆக்ஸிலரேட்டரைத் தரையோடு தரையாக மிதித்திருந்தது.

அவனுக்குப் புரிந்துவிட்டது. முன்பு ஒருமுறை அவள் பட்டறையில் இதே மாதிரி ஒரு வண்டியை ஓரின் கிளப்பப் பார்த்தார். "அப்பா, காலை எடுங்க. இது கார்புரேட்டர் இல்ல," என்றாள் மார்லிஸ். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். வாடிக்கையாளர்களும் சிரித்தார்கள். மிதித்தால் பெட்ரோல் பாயும் பழைய கார்புரேட்டரிலேயே ஆயுளைக் கழித்த மனிதர் இறங்கிப் போனார். அதன் பிறகு மகள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

அதே வார்த்தையை இப்போது இத்தனை பேர் முன்னால் சொல்ல வேண்டும்.

"டெஸ்ஸா, எல்லாரையும் ஹெல்மெட் போடச் சொல்லு," என்றான். "நாங்க கொஞ்சம் அவகூட இருந்துக்கறோம்."

டெஸ்ஸா அவனை ஒரு கணம் பார்த்தாள். பிறகு கர்ட்டின் முழங்கையைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனாள். "வாடா, பெரிய மெக்கானிக்கு."

நீல்ஸ் ஏறிப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தான். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டான்.

"மாமா."

"சொல்லு வாத்தியாரே. அவ சொன்னதத்தான சொல்லப்போற?"

"ஆமா."

ஓரின் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்படியே கேட்டார்.

"ஏன் எடுக்கணும்?"

நீல்ஸ் பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுப்பவன். இஞ்சினைப் பற்றி அவனுக்குத் தெரிந்ததெல்லாம் சாப்பாட்டு மேசையில் அவள் சொன்னதுதான்.

"பெட்ரோலை இழுக்கறது நம்ம கால் இல்ல மாமா. கால் காத்துக்கு மட்டும்தான் வழி விடுது. எவ்வளவு காத்து வருது, இஞ்சின் சூடா இருக்கா, சில்லுன்னு இருக்கான்னு கம்ப்யூட்டர் பாக்கும். அதுக்கேத்தபடி பெட்ரோலைப் பீச்சற இன்ஜெக்டரைத் திறந்து மூடும். கண்ணிமைக்கறதுக்குள்ள."

"சரி."

"முழுசா மிதிச்சுக்கிட்டு செல்ஃப் அடிச்சா, உள்ள பெட்ரோல் ரொம்பி மூச்சு முட்டுதுன்னு அது நினைச்சுக்கும். ஒரு சொட்டுகூட விடாது. காத்தை மட்டும் விட்டுக் காயவைக்கும்."

"நான் மிதிக்க மிதிக்க அது மூடிக்குது."

"ஆமா."

"இதை அன்னிக்கே..." என்று தொடங்கிய ஓரின் நிறுத்திக்கொண்டார்.

காலை எடுத்தார். இரண்டு பூட்ஸையும் தரையில் சேர்த்து வைத்தார், தேவாலயத்தில் உட்காருகிறவர் மாதிரி. சாவியைப் பாதி திருப்பினார். இருக்கைக்குப் பின்னால் ஏதோ மெல்ல முனகியது.

"என்ன அது?"

"பம்ப். அழுத்தம் ஏத்துது. முடியட்டும்."

முனகல் நின்றது. ஓரின் முழுதாகத் திருப்பினார். செல்ஃப் ஒருமுறை திணறியது, இன்னொரு முறை சுற்றியது. இஞ்சின் பிடித்துக்கொண்டது.

பின்னால் யாரோ விசிலடித்தார்கள். ஓரின் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொள்ள நேரம் பிடித்தது.

ஏறினார்கள். ஊசியிலை மரங்கள் குட்டையாகி, பிறகு இல்லாமலே போயின. ஒரு வளைவில் ஓரின் வேகத்தைக் குறைத்துக் காதைக் கொடுத்தார்.

"கார்புரேட்டர்னா இங்கதான் அடைக்கும். நிறுத்தி, பெட்ரோல் கம்மியா விடற சின்ன ஜெட் மாத்துவோம்."

இஞ்சின் சத்தம் மாறவில்லை. பின்னால் கர்ட்டின் பழைய பைக்தான் கரும்புகை விட்டு இருமியது.

"காத்து கம்மியாயிருச்சுன்னு இதுக்கு எப்படித் தெரியுது?"

"அளந்துக்கிட்டே இருக்கு."

"எப்பவுமா?"

"ஓடற வரைக்கும்."

ஓரின் தலையாட்டினார். "இதை அவ ஒரு தடவை சொல்ல வந்தா. போன்ல. நான் வச்சுட்டேன்."

மடியில் பெட்டி அதிர்ந்துகொண்டிருந்தது. நீல்ஸ் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

உச்சியில் காற்று அடித்தது. மற்ற எல்லோரும் இஞ்சினை நிறுத்திவிட்டு ஹெல்மெட்டைக் கழற்றினார்கள். நீல்ஸ் விளிம்புக்குப் போய்ப் பெட்டியைச் சாய்த்தான். சாம்பல் கீழே விழாமல் பக்கவாட்டில் பறந்தது. கொஞ்சம் அவன் சட்டைக் கையில் ஒட்டியது. தட்டிவிடவில்லை.

டெஸ்ஸா பிரார்த்தனை சொல்ல முன்னால் வந்தாள். மார்லிஸின் வண்டியைப் பார்த்து, "அதையும் நிறுத்திரலாமா?" என்றாள்.

"ஓடட்டும்," என்றார் ஓரின்.

அவள் குரலை உயர்த்திச் சொன்னாள். தூரத்தில் முதல் இடி கேட்டது. ஆளில்லாத வண்டியில் இஞ்சின் சூட்டைத் தணிக்கும் விசிறி தானாகத் தொடங்கி, சிறிது நேரம் சுற்றிவிட்டு, தானாக நின்றது. இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.